அமரர் செல்லச்சாமி தாங்கி மலையேறிய விபரம்

கண்டி,
2001 ஆகஸ்ட், பெரஹரா முடிந்த கிழமை.

என்றும் என் மதிப்புக்குரிய சுந்தரலிங்கம் சித்தப்பா அவர்களுக்கு,

அம்சவேணி எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவரும் மாமாவும் மாமியும் சுகம். பிரணவனுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, மற்றபடி அவனும் சுகம் என்று டொக்டர் சொல்கிறார், எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. அங்கு வத்தேகமயில் உங்கள் முழங்கால் வலி குறைந்தும் சித்தியின் அந்தூரியம் பெருகியும் இருக்கக் கதிர்காமக் கந்தன் அருள வேண்டும். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த மாமியின் உறவுக்காரர்கள், யானைகளெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் போகவில்லை. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் உங்களுக்கு ஒரு காது கேட்காது, கேட்கிற காதில் சித்தி பேசிக்கொண்டிருப்பார்.

"குழு வேலை எப்படிப் போகிறது" என்று ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் சொல்கிற மாதிரியா என்னை மாட்டிவிட்டிருக்கிறீர்கள்? "பொம்பளப் புள்ளைங்க இல்லத்துக்குப் பார்வையாளர் குழு ஒண்ணு இருக்கு, தமிழ் தெரிஞ்ச பட்டதாரிப் பொண்ணு வேணுமாம், மாசத்துக்கு ஒரு தரம் போனாப் போதும், டீ குடுப்பாங்க, கேக் குடுப்பாங்க, கையெழுத்து வச்சிட்டு வந்துறலாம்" என்றீர்கள். நன்னடத்தைத் திணைக்களத்தில் தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் சொல்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். நியமனம் வந்த அன்று இந்த வீட்டில் பட்ட சந்தோஷம் எனக்குப் பிரணவன் பிறந்த அன்றுகூட இல்லை. கொழும்பு வீதியில் எங்கள் கடைக்கு வெங்காயம் வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து, "எங்க மருமகப் பொண்ணு இப்ப கவர்மெண்டு, புள்ளைங்க ஜெயிலையே மேற்பார்வை பாக்குது" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். "ஜெயில் இல்லை மாமா, இல்லம்" என்று திருத்தினேன். "சரிம்மா. பூட்டு உள்பக்கம் இருக்கா, வெளிப்பக்கம் இருக்கா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன், வெளிப்பக்கம்தான்.

மாமாவின் பூரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு வருடத்துக்கு முன் அவர் தன் தகப்பனாரின் நினைவாக அதே இல்லத்துக்கு ஒரு தண்ணீர்த் தாங்கி அன்பளிப்புச் செய்திருந்தார். ஆள் உயரக் கறுப்புத் தாங்கி, அதன் வயிற்றில் மஞ்சள் எழுத்தில், மூன்று மொழியிலும், "அமரர் செல்லச்சாமி நினைவாக". இல்லம் அம்பிட்டிய மலைச்சரிவில் இருக்கிறது, தாங்கி வாசல் கேற்றுக்குப் பக்கத்தில் வீதியைப் பார்த்து நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் கடை வேனில் அந்தப் பக்கம் போகும்போது மாமா வேகத்தைக் குறைக்கச் சொல்லி ஒரு கும்பிடு போடுவார். கோயிலுக்குப் போடுகிறார் என்றுதான் நான் கல்யாணமான புதிதில் நினைத்தேன்.

முதல் அழைப்பு வந்தது. "திடீர்ப் பரிசோதனை எதிர்வரும் சனிக்கிழமை காலை நடைபெறும், தவறாது சமுகமளிக்கவும்" என்று போட்டிருந்தது. குழுத் தலைவி வேகொடபொல மேடத்திடம், திடீர் என்றால் ஏன் முன்கூட்டியே சொல்கிறோம் என்று கேட்டேன். "சொல்லாமல் போனால் பாவம், அவர்கள் கேக்குக்கு என்ன செய்வார்கள்?" என்றார். அன்று பார்த்து மாமிக்கு மூட்டு வலி, என் கணவருக்குக் கடையில் சரக்கு இறக்குகிற நாள், ஆகையால் பிரணவனையும் தூக்கிக்கொண்டு போனேன். அவன் இரண்டு நாளாக வெளிக்கிருக்கவில்லை என்று நான் கலங்கிப்போயிருந்தேன், காலையில் மாமி என்னிடம் சொல்லாமல் ஒரு கிண்ணம் பப்பாளி ஊட்டிவிட்டிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அங்கே இருபது பிள்ளைகளுக்கு மேல் இருக்கிறார்கள் சித்தப்பா, எல்லாரும் நீதவான் உத்தரவில் வந்தவர்கள். வீட்டு வேலைக்கு விடப்பட்டு அடி தாங்காமல் ஓடி வந்தவள், சாட்சி சொல்ல வேண்டியவள், எசமானியின் சங்கிலியை எடுத்தவள், எடுத்ததாகச் சொல்லப்படுகிறவள், எல்லாரும் ஒரே வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்று வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். பிறகு பரிசோதனை தொடங்கியது. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பின்னால் போனேன். சாப்பாட்டு அறையில் ஓய்வுபெற்ற அதிபர் ஸெய்னுலாப்தீன் மாஸ்டர் நேரே சுவர்க் கடிகாரத்திடம் போய், அதன் கீழே இருந்த தன் பெயரைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "நல்லா ஓடுது" என்றார். மேடம் தான் கொடுத்த தையல் மெஷின்களைப் பார்த்தார். அவை வந்த நாளில் போட்டிருந்த பொலித்தீன்கூடக் கழற்றாமல் புத்தம் புதிதாக இருந்தன, அதில் அவருக்குப் பரம திருப்தி. இன்னொருவர் தலைக்கு மேல் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார், அதன் ஒவ்வொரு இறக்கையிலும் அவர் கடையின் பெயர். குழுவில் இருக்கிற எல்லாருமே அங்கே எதையாவது கொடுத்தவர்கள், அவரவர் கொடுத்ததை அவரவர் பார்த்துவிட்டு வருவதற்குப் பெயர்தான் மேற்பார்வை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிள்ளைகளை யாரும் கொடுக்கவில்லையாதலால் அவர்களைப் பார்க்க ஆள் இல்லை. "எல்லாரும் சந்தோஷமா?" என்று மேடம் கேட்டார், "ஓம் மேடம்" என்று இருபது குரல் ஒன்றாக வந்தது, நாங்கள் தேநீருக்கு உட்கார்ந்தோம்.

கேக்கை நான் வாயில் வைக்கிறேன், பப்பாளி வேலை செய்துவிட்டது. சித்தப்பா, நான் விபரிக்கப் போவதில்லை, என் பட்டுச் சேலை, மாஸ்டரின் வெள்ளைக் கால்சட்டை, வரவேற்புக்கு விரித்த மேசைத் துணி என்று மூன்றை மட்டும் சொல்கிறேன். பிள்ளையைக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு மேலே குளியலறைக்கு ஓடினேன். வரிசையாக ஆறு குழாய், பளபளவென்று. ஒன்றைத் திறந்தேன், காற்றுக்கூட வரவில்லை. ஆறையும் திறந்தேன். இவன் வீறிடுகிறான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது, அங்கே வந்த தண்ணீர் அது ஒன்றுதான். அப்போது ஒரு பிள்ளை இரண்டு கையிலும் வாளியோடு மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தாள். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, பெயர் தவமணி, பதினாலு வயதிருக்கும். பிரணவனை வாங்கிக் கழுவித் துடைத்துத் தன் தலைத் துண்டைச் சுற்றிக் கொடுத்தாள். பிறகு, "அந்தக் கொழாயெல்லாம் பாக்குறதுக்கு மிஸ், தொறக்குறதுக்கு இல்ல. நீங்க எங்களப் பாக்க வந்தீங்களா, டேங்கியப் பாக்க வந்தீங்களா?" என்றாள்.

வெளியே வந்து பார்த்தேன். நான் பேராதனையில் புவியியல் படித்து, மலைச்சரிவுக்குச் சமவுயரக் கோடு வரைந்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவள். அங்கே நடப்பதைப் பார்க்க அந்தப் படிப்பெல்லாம் தேவையே இல்லை. மலை உச்சி ஊற்றிலிருந்து தண்ணீர்க் குழாய் வருகிறது, குளியலறைச் சுவரை உரசிக்கொண்டு கீழே இறங்குகிறது, வாசலில் இருக்கிற மாமாவின் தாங்கியில் போய் விழுகிறது. அந்தத் தாங்கியிலிருந்து இன்னொரு குழாய் மேலே குளியலறைக்கு வருகிறது, வெறும் குழாய்தான் வருகிறது, தண்ணீர் எப்படி ஏறும்? ஆகவே பிள்ளைகள் விடியற்காலையில் எழும்பி, தங்களைத் தாண்டிக் கீழே போன தண்ணீரை வாளியில் பிடித்து மறுபடி மேலே சுமக்கிறார்கள். ஆறு வருடமாக. அத்தனை வருடம் பரிசோதித்தவர்கள் யாருக்கும் அங்கே ஒரு தரம் குளியலறைக்குப் போகத் தோன்றவில்லை, உண்மையான பரிசோதகர் என் மகன் ஒருவன்தான்.

தாங்கியை மேலே வையுங்கள் என்றேன். மேட்ரன் இரத்தினம்மா நெஞ்சில் கை வைத்தார். "அன்பளிப்பு மிஸ். குடுத்தவங்க சம்மதம் இல்லாம அசைக்க ஏலாது. மேல வச்சா ரோட்டுக்குப் பேர் தெரியாதுன்னுதான் அன்னைக்கே கீழ வச்சது." மேடம், நீர் நிலைமை திருப்திகரம் என்று எழுதி, பக்கத்தில் "மேலும் திருப்தியாக்க இடமுண்டு" என்று சேர்க்கலாம் என்றார். மாஸ்டர் கால்சட்டையைப் பிழிந்துகொண்டே, "புள்ள, தண்ணியும் ஈக்குது, டேங்கியும் ஈக்குது, குழாயும் ஈக்குது. கூட்டிச் சேர்க்கத்தான் ஆளில்ல. அன்பளிப்பில கை வெச்சா நாளைக்கு என்ட கடிகாரத்தயும் கழட்டச் சொல்லுவாங்க" என்றார். நான் "தாங்கி உடனடியாக இடம் மாற்றப்பட வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அந்தச் சம்மதத்தை நான் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது உறைத்தது. பிரணவன் மடியில் நிம்மதியாகத் தூங்கினான், நான் வழியெல்லாம் மாமாவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன்.

இராச் சாப்பாட்டில் சொன்னேன். உங்கள் மருமகன் எழுந்து, இல்லாத பூனையைத் துரத்தக் கொல்லைக்குப் போய்விட்டார். மாமா கையைக் கழுவினார். அவர் பெருமைக்காக மறுப்பார் என்று நான் வாதங்களை அடுக்கி வைத்திருந்தேன், ஒன்றும் பயன்படவில்லை. "ஏம்மா, படிச்ச பொண்ணு நீ. எங்கப்பாவப் பொம்பளப் புள்ளைங்க குளிக்கிற எடத்துலயா வைக்கச் சொல்ற? உசுரோட இருந்தப்ப அடுத்த வீட்டுப் பொம்பளைய நிமுந்து பாக்காத மனுசன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுக்களையிலிருந்து மாமியின் குரல் வந்தது: "ஒங்கப்பாவுக்குக் கடைசிப் பத்து வருசம் கண்ணே தெரியல. டேங்கியானதும் தெரிஞ்சிருமாக்கும்."

அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஒரு கிழமை பேச்சு இல்லை. எட்டாம் நாள் நான் பல்கலைக்கழகத்து வரைபடத்தை எடுத்து வந்து மாமாவின் முன் விரித்தேன். இப்போது அம்பிட்டிய வீதியில் போகிறவர்களுக்கு மட்டும்தான் தாத்தாவின் பெயர் தெரிகிறது, மேலே ஏற்றி எழுத்தை நகரத்துப் பக்கம் திருப்பி வைத்தால் குளியலறைக்கு முதுகும் காட்டியதாகும், குளத்தைச் சுற்றி நடக்கிற கண்டி முழுவதும் பார்க்கும் என்று விரலை வைத்துக் காட்டினேன். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "பெரஹராவுல யான மேல இருக்குறவங்களுக்கும் தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். பெரஹரா இரவில்தான் போகும் என்பது அப்போது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை சித்தப்பா. பெரஹராவுக்கு முன்னால் ஏற்றியே ஆக வேண்டும் என்று ஒரே பரபரப்பு. எழுத்துக்குப் புது மஞ்சள், முன்பைவிட இரண்டு மடங்கு பெரிது. கடையடைத்துவிட்டு மூட்டை தூக்குகிற ஆட்களையெல்லாம் கூட்டிப் போனார், தான் மட்டும் வாசலுக்கு வெளியே வேனில் இருந்துகொண்டு உத்தரவு போட்டார். கயிறு கட்டி அவர்கள் மேலே இழுக்க, பிள்ளைகள் கீழிருந்து தள்ள, தாத்தா உருண்டு உருண்டு மலையேறினார். மேட்ரன் கற்பூரம் கொளுத்தினார். குழாயைத் திருப்பிப் பூட்டியதும் எல்லாரும் குளியலறைக்கு ஓடினோம். முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம், பிறகு செம்மண் கரைசல், பிறகு ஆறு குழாயிலும் தண்ணீர். பிள்ளைகள் சட்டையோடு நனைந்தார்கள், யாரும் பாட்டுப் பாடச் சொல்லவில்லை, தாங்களாகவே கத்தினார்கள். நானும் கத்தினேன், பட்டதாரி என்பது மறந்துபோய்விட்டது. தவமணி மட்டும் என் பக்கத்தில் வந்து, "நல்லது மிஸ். தண்ணி எடுக்கப் போறப்பத்தான் ரோட்டப் பாப்போம், பஸ்ஸப் பாப்போம். இனி அதுக்கு வேற சாட்டு தேடணும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். வேனில் ஏறிய பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை.

இத்துடன் என் கடமை முடிந்தது என்று கருதுகிறேன். தயவுசெய்து திணைக்களத்தில் உங்கள் பழைய ஆட்களிடம் சொல்லி, குழுவிலிருந்து என்னை விடுவித்து வேறு யாரையாவது போடச் சொல்லுங்கள். கைப்பிள்ளைக்காரி, எனக்கு நெஞ்சு படபடப்பு நிற்கவில்லை, மேடம் என்னைக் கண்டால் கேக் தட்டை நகர்த்தி வைக்கிறார், குடும்பத்தில் இப்போதுதான் பேச்சுவார்த்தை ஏற்பட்டிருக்கிறது. சித்திக்கு என் வணக்கம். உங்கள் இருவரின் ஆசீர்வாதம் பிரணவனின் பல்லுக்கும் என் பொறுமைக்கும் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மகள்,
அம்சவேணி

பி.கு.: உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லிக் கடிதத்தை மாமாவிடம் கொடுத்தேன், அவர் தபாற்கந்தோருக்குப் போகாமல் நேரே குளக்கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் வரிசையாகப் பலா மரம்தான் தெரிகிறது. சமவுயரக் கோட்டில் பலா மரம் போட மாட்டார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. கோபத்தோடு ஆட்டோ பிடித்து இல்லத்துக்கே போயிருக்கிறார். கேற்றில் தவமணி நின்றிருக்கிறாள், அன்று வேனை விட்டு இறங்காத இவர் யார் என்று அவளுக்குத் தெரியாது. "ஐயா, மேல போக ஏலாது. பொம்பளப் புள்ளைங்க குளிக்கிற எடம்" என்று சொல்லிக் கம்பிக் கதவைச் சாத்திவிட்டாள். மாமா அப்படியே திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து இந்தக் கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தாங்கியைக் கீழே இறக்கச் சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். "அந்தப் புள்ள சொன்னது சரிதான். நானும் அதத்தான சொன்னேன். இனி நா அத ஜென்மத்துக்கும் பாக்க முடியாது. நம்ம வீட்டுல உள்ள போக முடிஞ்சவ நீ ஒருத்திதான். மாசா மாசம் போயி, அப்பா எப்படி இருக்காரு, தண்ணி வருதா, புள்ளைங்க நல்லா இருக்காங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லும்மா" என்றார்.

ஆகவே சித்தப்பா, திணைக்களத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். நாளை செவ்வாய்க்கிழமை, பரிசோதனை எதுவும் இல்லாத நாள். நான் போகிறேன். வீதி தெரிகிற பக்கமாக அந்தப் பிள்ளைகளுக்கு உட்கார ஒரு வாங்கு போட முடியுமா என்று மேட்ரனிடம் கேட்க வேண்டும், அதில் யார் பெயரும் எழுதாமல். திரும்பி வரும்வரை மாமா சாப்பிடாமல் காத்திருப்பார்.