மெதெர்பெக்கின் நீண்ட ஆசீர்வாதம்

சாப்பாட்டுக்கு முன் ஆசீர்வாதம் சொல்லக் கைகளை விரித்த மெதெர்பெக், கண்களை மூடினார். அப்படியே தூங்கிப்போனார்.

பெண் கேட்டு வந்த வீடு. மகனோ கட்டினால் இந்த மீரிமைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். ஆட்டிறைச்சி ஆற, எல்லோரும் கையேந்திக் காத்திருந்தார்கள். மனைவி சூராகான் அவர் தொடையைக் கிள்ளினாள். அசைவில்லை.

"மனசுக்குள்ளயே வேண்டிக்கறார்," என்றாள்.

"அப்படியா?" என்றாள் பெண்ணின் தாய் சோனுன்பூ, பக்தியோடு.

குறட்டை கிளம்பியது.

"ஏழு தலைமுறை முன்னோரையும் கூப்பிடறார். குரல் கொஞ்சம் கனமாத்தான் வரும்."

"எங்க முன்னோரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்க சம்பந்தி."

சட்டென்று குறட்டை நின்றது. மூச்சும் நின்றது. ஆசீர்வாதம் முடிந்துவிட்டதென்று சோனுன்பூ, வழக்கப்படி இரு கைகளாலும் முகத்தைத் தடவிக்கொண்டு இறைச்சியில் கைவைத்தாள். அந்த நேரம் பார்த்து மெதெர்பெக், பள்ளத்தில் விழுந்த லாரி மேலேறுவதுபோல உறுமினார். அவள் பதறிக் கையை எடுத்தாள்.

"ரெண்டாவது பெஞ்சு, வாயை மூடு," என்றார் கணக்கு வாத்தியாரான மெதெர்பெக், தூக்கத்திலேயே.

இனி எந்த முன்னோர் தலையிலும் பழியைப் போட முடியாது. சூராகானுக்கு அழுகை முட்டியது.

"பொய் சொல்லிட்டேன் சம்பந்தி. இவருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. ராத்திரி முழுக்கப் படுத்தாலும் அது தூக்கமே இல்லைன்னுட்டார் டாக்டர். அதான் பகல்ல உக்காந்த இடத்துல சாயறார். ரத்தக்கொதிப்பு வேற ஏறிடுச்சு. முகத்துல மாட்டிக்க மெஷின் குடுத்தாங்க. நான் என்ன விமானமா ஓட்டப்போறேன்னு தூக்கி அலமாரியில வெச்சிட்டார்."

சோனுன்பூ கணவரைத் திரும்பிப் பார்த்தாள். பெண்ணின் தகப்பன் தொக்தோசுன் திண்டில் சாய்ந்து, புருவத்தை நெரித்துக்கொண்டு, தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். இவர்கள் வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் அவர் மனைவிதான் பதில் சொன்னாள். ஆரம்பத்திலேயே அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று சூராகான் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, கோபமா இருந்தா திட்டிடுங்க. பசங்களை மட்டும் பிரிச்சிடாதீங்க."

அவர் நிமிரவே இல்லை.

தேநீரோடு வந்த மீரிம் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பாவுக்கு என்ன கோபம் அத்தை? நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே அவர் தூங்கிட்டார்."