ஒன்பது முதுகுகளும் ஒரு பூட்டும்

எனக்கு எண்ணெய் தேய்க்கத் தெரியும் என்று சொன்னது பச்சைப் பொய். இத்தனை வருடம் கழித்து அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. (அன்றைக்கே ஒப்புக்கொண்டிருந்தால் வேலை கிடைத்திருக்காது.)

அறுபதுகளின் தொடக்கம். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதிவிட்டு, கடையம் தெருக்களில் தெரிந்தவர்கள் யார் எதிரே வந்தாலும் சந்துக்குள் திரும்பிவிடும் இருபத்திரண்டு வயதுக்காரன் நான். தென்காசியில், ஆதரவில்லாத வயதானவர்களுக்காக நடந்துவந்த ஒரு இல்லத்தில் உதவியாளன் வேலைக்கு ஆள் தேடினார்கள். அதன் காரியதரிசி, "வயசானவங்களுக்கு எண்ணெய் தேய்ச்சு, கை கால் பிடிச்சுவிடத் தெரியுமா?" என்று கேட்டார்.

"குற்றாலத்துல தொழில் பழகினவன் சார்!"

குற்றாலத்தில் நான் பழகிய தொழில், அருவிக்கரையில் மற்றவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பதை வடை தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தது. ஆறு மாதம் தற்காலிகம், அதன்பிறகு வேலை பார்க்கிற லட்சணத்தைப் பார்த்து நிரந்தரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

படுக்கை தட்டுவது, கஞ்சி ஊற்றுவது, துணி துவைப்பது என்று எண்ணெய்ப் பக்கமே போகாமல் ஆறு மாதத்தை ஓட்டிவிட்டேன். ஆடி மாதம் ஒருநாள் காலையில், அங்கிருந்த நர்சம்மா என் தலையில் இடியை இறக்கினார்.

"சாயங்காலம் காரியதரிசி வருதாங்க தம்பி. உங்க வேலையை முடிவு பண்ணத்தான். குற்றாலத்துக்காரன் எப்படித் தேய்க்கான்னு கேப்பாங்க. நான் மருந்து வாங்கத் திருநெல்வேலி போறேன். எல்லாருக்கும் கையும் காலும் மட்டும் மெதுவாப் பிடிச்சு விடுங்க. ரெண்டு சொட்டு எண்ணெய் போதும். இவங்களுக்கு மருந்து குடுக்க நான் இருக்கேன், தொட்டுப் பேசத்தான் ஆளில்ல."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் நிரந்தர வேலைக்கு இரண்டு சொட்டு போதுமா? ஒரு பெரிய சட்டி நிறைய நல்லெண்ணெயைக் காய்ச்சினேன்.

இல்லத்தில் ஒன்பது பேர். முதல் ஆளாக ஏட்டையாவைப் பிடித்தேன். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊசி போட வந்த நர்சம்மாவையே "தள்ளி நில்லு" என்று அதட்டியவர். அவரையே மடக்கிவிட்டால் மற்ற எட்டுப் பேரும் தானாக வழிக்கு வருவார்கள் என்பது என் கணக்கு. கெஞ்சிக் கூத்தாடிக் கோவணத்தோடு பலகையில் குப்புறப் படுக்கவைத்து, எண்ணெயை ஊற்றி, அருவிக்கரையில் பார்த்த ஞாபகத்தில் முதுகில் இரண்டு கையாலும் தபதபவென்று தட்டினேன்.

"ஏலே! முதுகுல என்ன தம்பட்டமா அடிக்க?"

பயத்தில் என் கை அப்படியே அவர் முதுகில் நின்றுவிட்டது. எடுக்கவும் தைரியமில்லை, தேய்க்கவும் தெரியவில்லை. நான் மெல்லக் கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதலே" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. "அங்கனயே வச்சிரு. அவ போயி பதினோரு வருசமாச்சு. அதுக்கப்புறம் இந்த முதுகை ஒருத்தரும் தொட்டதில்ல."

அதற்குப் பிறகு நான் தட்டவில்லை. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. தடவிக்கொடுத்தேன், அவ்வளவுதான். ஏட்டையா தூங்கியே போனார். இதைப் பார்த்த மற்ற எட்டுப் பேரும் "எனக்கு, எனக்கு" என்று வரிசையில் நின்றார்கள். மத்தியானத்துக்குள் சட்டி காலி. ஒன்பது பேரும் கோவணத்தோடு பளபளவென்று உட்கார்ந்திருந்தார்கள். நிரந்தர உத்தரவு கைக்கு வந்துவிட்ட மாதிரியே எனக்கு இருந்தது.

"எல்லாரும் வாங்க, அண்டாவுல வெந்நி தயார்" என்றேன்.

ஏட்டையா வானத்தைப் பார்த்தார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆடி மாசம், குற்றாலத்துல அருவி கொட்டுத நேரத்துல, தென்காசியில இருந்துக்கிட்டு, மேல் பூரா எண்ணெயைத் தேச்சுட்டு, அண்டாத் தண்ணியிலயாலே குளிக்கச் சொல்லுத? எந்திரிங்கவே எல்லாரும்!"

அவர் கேட்டது நியாயம்தான். (இந்த ஊர்க்காரன் எவனும் இதையேதான் கேட்பான்.) வைக்கோலை இறக்கிவிட்டுக் குற்றாலம் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த இரண்டு மாட்டுவண்டிகளை, ஏட்டையா நடுரோட்டில் கோவணத்தோடு நின்று கையைக் காட்டி நிறுத்தினார். வண்டிக்காரர்கள் அரண்டுபோய் நிறுத்தினார்கள். ஒன்பது பேரும் ஏறிக்கொள்ள, ஒன்பது வேட்டியையும் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

குற்றாலத்தில் இறங்கியபோது ஒவ்வொருவர் உடம்பிலும் எண்ணெய் தெரியவில்லை, வைக்கோல்தான் தெரிந்தது. தண்ணீர் சன்னமாக விழும் ஓரமாகப் பார்த்து நிறுத்தி, தலையை எண்ணினேன். ஒன்பது. மறுபடி எண்ணினால் எட்டு! உயிரே போய்விட்டது. ஒன்பதாவது ஆள் பஜ்ஜிக் கடையில் வைக்கோலும் கோவணமுமாக நின்று, இரண்டாவது பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். இழுத்துக்கொண்டு வந்து தண்ணீருக்குள் விட்டேன். ஆறு மாதமாக வாயே திறக்காதவர்களெல்லாம் அருவிக்கடியில் கத்தினார்கள், சிரித்தார்கள், ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துவிட்டார்கள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

திரும்பினால், குடையோடு காரியதரிசி. பக்கத்தில் நர்சம்மா. இல்லத்தில் ஒன்பது காலிக் கட்டிலையும், வாசல்வரை எண்ணெய்க் காலடித் தடங்களையும் பார்த்துவிட்டு, தெருவில் விசாரித்து, காரை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"யார் செஞ்ச வேலை இது? ஒருத்தர் வழுக்கி விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நான்தான் சார்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எனக்கு எண்ணெய் தேய்க்கவும் தெரியாது சார்" என்று அதையும் கக்கிவிட்டேன்.

அருவிக்குள்ளிருந்து ஏட்டையா வெளியே வந்தார். சொட்டச் சொட்ட விறைப்பாக நின்று காரியதரிசிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"ஐயா, இவன் தேய்க்கத் தெரியாத பயதான். ஆனா நாளைக்கும் இவன்தான் எனக்குத் தேய்க்கணும்."

காரியதரிசி அருவியைப் பார்த்தார். எட்டுப் பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பை அடக்கியதில் அவர் உதடு லேசாகத் துடித்தது. குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். குடை குலுங்கியது. நர்சம்மா ஒவ்வொருவர் நெற்றியாகத் தொட்டுப் பார்த்தபடியே மூன்று நாள் என்னைத் திட்டினார். ஒருவருக்கும் சளிகூடப் பிடிக்கவில்லை.

நிரந்தர உத்தரவு வந்தது. அதன் கடைசி வரி: "எண்ணெய் தேய்க்கும் நேரத்தில் வாசற்கதவு கட்டாயம் பூட்டப்பட வேண்டும்." முப்பத்திரண்டு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். நர்சம்மாவிடம் முறையாகத் தொழிலும் கற்றுக்கொண்டேன்.

கல்யாணமான புதிதில் அந்த உத்தரவை என் மனைவி படித்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாலும், "ஏலே, கதவைப் பூட்டியாச்சா?" என்று அடுப்படியிலிருந்து ஒரு குரல் வரும். போன ஆடியில் என் மகன் எனக்கு முதுகில் எண்ணெய் தேய்த்தான். எனக்கு இப்போது அன்றைய ஏட்டையாவைவிட வயது அதிகம். வெளியே சாரல், அருவியில் தண்ணீர் கொட்டுகிற நேரம்.

"கதவைப் பூட்டியாச்சாலே?" என்றாள் என் மனைவி.

"பூட்டிட்டேம்மா" என்றான் மகன்.

பூட்டித்தான் இருந்தது. சாவி என் மடியில் இருந்தது.