மீன் பார்க்க விடாத ஒட்டக அண்ணாச்சி

காசை வாங்கிக்கொண்டு கடலுக்குள் மீன் பார்க்கக் கூட்டிப்போய், ஒரு மீனைக்கூட ஒழுங்காகப் பார்க்க விடாத வியாபாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் தூத்துக்குடி ஒட்டக அண்ணாச்சி.

திருச்செந்தூர்க் கடற்கரையில் சவாரி விட்ட வடநாட்டுக்காரர் ஒருவரிடம் வாங்கிய ஒட்டகம் அது. பெயர் துரை. யாரைப் பார்த்தாலும் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அண்ணாச்சி நம்மை அதன்மேல் ஏற்றி, கரையோரமாகவே நடத்திக்கொண்டு போவார். பாறைகள் கிடக்கும் ஆழமில்லாத இடத்தில் அவர் தங்கை லூர்து அக்கா காத்திருப்பார். கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, ஸ்நார்க்கலிங்குக்கு இறக்கிவிடுவது அவர் வேலை. நாம் தண்ணீரில் முகத்தை வைத்ததும் அண்ணாச்சி ஒட்டகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். பிறகுதான் கூத்து.

"ஏலே, தலையத் தூக்கு!"

தூக்காவிட்டால் விசில். அதற்கும் மசியாவிட்டால் துரையோடு தண்ணீருக்குள்ளேயே வந்துவிடுவார். கோயம்புத்தூர்ப் புதுமாப்பிள்ளை ஒருவர் மீனில் சொக்கிக் கிடந்துவிட்டு நிமிர்ந்தால், மூக்குக்கு நேரே துரையின் முழங்கால். அவர் போட்ட அலறலில் பாறைமேல் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. புதுப்பெண் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பத்தாங்க ஒரு மீன் பக்கத்துல வந்துச்சு!" என்று மாப்பிள்ளை சண்டைக்குப் போனார்.

"மீன் நாளைக்கும் வரும். நீரு மொதல்ல மொகத்தக் காட்டும்."

எனக்கும் ஒருநாள் எரிச்சல் தாங்கவில்லை. "மேல ஏறி உக்காந்துக்கிட்டு உயிர வாங்குதீரே அண்ணாச்சி, கீழ நின்னா ஆகாதா?" என்று கேட்டேன்.

"கீழ நின்னா அலைதாம்டே தெரியும். மேல இருந்தாத்தான் தல தெரியும்."

மற்றதை லூர்து அக்காதான் சொன்னார். கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவரின் கயிற்றைப் படகிலிருந்து மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தங்கையின் தாலியை நினைத்தாவது கை தளராது என்ற நம்பிக்கை. அக்காவின் கணவருக்குக் கயிறு பிடித்தவர் அண்ணாச்சி.

"எங்க அண்ணன் கை தளரல. கயிறு மட்டும் வந்துச்சு. நான் ஒரு சொல் சொன்னதில்ல தம்பி. அதுதான் அண்ணனுக்குத் தாங்கல."

போன மழைக்காலத்தில் அண்ணாச்சி நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். துரையை விற்றிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். இருந்தும் மனசு கேளாமல், தை பிறந்ததும் மில்லர்புரத்து வீட்டிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் போனேன். துரை மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. அக்கா கண்ணாடியை நீட்டினார்.

தண்ணீரில் முகத்தை வைத்தேன். மஞ்சளும் நீலமுமாக மீன்கள். அதட்ட ஆள் இல்லை, ஆசை தீரப் பார்க்கலாம். பார்க்க முடியவில்லை, அழுகை வந்தது.

திடீரென்று விசில்.

"ஏ தம்பி! தலையத் தூக்கு!"

ஒட்டகத்தின் மேல் சேலையை இழுத்துச் செருகியபடி லூர்து அக்கா. பயத்தில் ஒரு கை திமிலை இறுக்கிப் பிடித்திருந்தது. மறு கையில் அண்ணாச்சியின் விசில்.

அதற்குப் பிறகு அக்கா கூப்பிடுவதற்கு முன்னாலேயே தலையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். மீனை யார் பார்த்தது?