உங்கள் மச்சான் கல்லறைக்குத் தகடு வெட்டிய விவரம்

சேசு மரி சூசை காவல்.

சேலம்,
வியாழன் சாயங்காலம்.

குமாரபாளையத்தில் தறி ஓட்டிப் பிழைக்கும் என் அண்ணன் ஜூட் அவர்களுக்கு, தங்கை அந்தோணிமேரி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் மகள் மெர்லினும் ஆண்டவர் தயவில் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். அங்கே நீங்களும் வினோலியா அண்ணியும் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். தறிச் சத்தத்தில் நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்றே உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதி, நாளைக் காலையில் பவானி வரும் டோனி கையில் கொடுத்துவிடுகிறேன்.

கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. அவர் போன பிறகு வரும் முதல் திருநாள் இது. சாமியார் ஒவ்வொரு கல்லறையாக நின்று, பெயரைப் படித்துத் தீர்த்தம் தெளிப்பார். நம் கல்லறைக்குக் கொத்தனார் சிமெண்ட் பூசியதோடு சரி. சாக்பீஸில் எழுதி வைத்த பெயரை ஐப்பசி மழை கழுவிவிட்டது. பெயரில்லாத கல்லறையில் சாமியார் என்ன படிப்பார்? ஊருக்கெல்லாம் போர் போடும் ரிக் வண்டிக்குச் சாமான் வெட்டிக் கொடுத்த மனுஷனுக்கு அவர் பட்டறையில் இருக்கும் கம்ப்யூட்டர் மெஷினிலேயே ஒரு பித்தளைத் தகடு வெட்டிவிடலாம், மேலே சிலுவை, கீழே பெயர், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அவ்வளவுதான் இல்லை அண்ணா.

மெர்லின் பாலிடெக்னிக்கில் படித்தவள், கம்ப்யூட்டரில் ட்ராயிங்கை அழகாகப் போட்டுவிட்டாள். ஆனால் ட்ராயிங்கைக் காட்டினால் மெஷினுக்குப் புரியாது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அது. இந்தப் பக்கம் இவ்வளவு போ, இவ்வளவு ஆழம் இறங்கு, திரும்பு, மேலே ஏறு என்று வரிவரியாகச் சொன்னால்தான் அசையும். ட்ராயிங்கை அந்த வரிகளாக மாற்றுவதைத்தான் ப்ரோக்ராம் போடுவது என்பார்கள். அவர் இருந்தவரை டீ ஆறுவதற்குள் போட்டுவிடுவார். இப்போது அவரிடம் வேலை பழகிய டோனியைக் கூப்பிட்டேன். மீசை வைத்து இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் ஆனாலும் அவர் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று முக்காலி போட்டு உட்கார்ந்தான்.

கொத்தனார் இஞ்சில் அளவு சொன்னதால் மெர்லின் இஞ்சில் போட்டிருக்கிறாள். டோனிக்கு மில்லிமீட்டர் தவிர உலகத்தில் வேறு அளவு கிடையாது. பதினெட்டு என்று பார்த்தான், பதினெட்டு மில்லி என்றே ப்ரோக்ராமாக மாற்றினான், பித்தளை வீணாகக்கூடாது என்று ஒரு கழிவு அலுமினியத் துண்டை மாட்டி ஓட்டினான். மெஷின் ஒரு தும்மல் தும்மியது, முடிந்துவிட்டது. குனிந்து பார்த்தால் என் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு தகடு, அதில் கொசுக்கால் மாதிரி சிலுவை. பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் எட்டிப் பார்த்து, “ஏனுங் மேரியக்கா, எறும்பு ஏதாச்சும் செத்துப்போச்சுங்களா?” என்றாள். அண்ணா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடு என்று முந்தானையை வாயில் அடைத்தேன், மூக்கு வழியாக வந்தது. மெர்லின் சிரித்தாள், டோனி முக்காலியிலிருந்து விழுந்தான். அவர் போன பிறகு அந்தப் பட்டறையில் கேட்ட முதல் சிரிப்பு அது. பிறகு மூன்று பேரும் கொஞ்சம் அழுதோம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

சரி, பெரிதாக்குங்கள் என்றேன். மெர்லின் தன் பக்கம் ட்ராயிங்கைப் பெரிதாக்கினாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் டோனி தன் பக்கம் இஞ்ச் என்று மாற்றினான். இரண்டு பேரும் திருத்தியதில் ஓடின மெஷின் ஒரு கோடிக்குப் போய் முட்டி, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு அலறியது. அந்த நேரம் பார்த்துக் கோயில் உபதேசியார் பூசைக்குப் பெயர் கேட்க வந்தார். திரையில் அளவைப் பார்த்துவிட்டு, “அம்மா, இது கல்லறைக்குங்களா, இல்ல கோயிலையே இதுக்குக் கீழ கட்டணுங்களா?” என்று கேட்டார். மூன்று மாடி உயரமாம். வள்ளியாத்தாள், “எறும்புக்கு வெட்டுனீங்க, இப்ப ஆனைக்குங்களா? நடுவால மனுசனுக்கு ஒண்ணு வெட்டுங்க” என்று சொல்லிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு வழியாக அளவு சரியாயிற்று. அவர் எப்போதும் முதலில் கட்டரைத் தூக்கி வைத்து வெறும் காற்றில் ஓட்டிப் பார்ப்பார், எங்கும் இடிக்கவில்லை என்றால்தான் நிஜத்தில் வெட்டுவார். டோனியும் அப்படியே ஓட்டினான். மேஜை மேல் ஒன்றுமில்லை அண்ணா. ஒன்றுமில்லாத இடத்தில் கட்டர் மெதுவாகப் போய்ச் சிலுவை போட்டது. உபதேசியார் முழங்காலில் நின்றுவிட்டார். வள்ளியாத்தாள் கும்பிட்டாள். அது நகர்ந்து வந்து அவர் பெயரை எழுத ஆரம்பித்தது. நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூடவே படித்தேன். பெயரில் ‘உபகார’ வரைக்கும் வந்தது, பாதியில் கரண்ட் போய்விட்டது.

“சாமி எங்கீங்க?” என்றாள் வள்ளியாத்தாள்.

“கரண்ட் வந்தாத்தான் வருவாரு” என்றான் டோனி.

கரண்ட் வரக் காணோம். டோனியும் வீட்டுக்குப் போய்விட்டான். எனக்கும் போதும் என்று ஆகிவிட்டது. அந்த மெஷின் அவர் பேச்சைத்தான் கேட்கும், நம் பேச்சைக் கேட்காது. ஆகையால் அண்ணா, மெஷினைக் கொடுத்துவிடு என்று நீங்கள் சொன்னது சரி. ஞாயிற்றுக்கிழமை வரும்போது பவானியில் கருங்கல்லில் பெயர் வெட்டி ஒரு சிலுவை வாங்கி வாருங்கள். மெஷினை எடுத்துக்கொள்கிறேன் என்ற கோயமுத்தூர் பூபதியையும் லாரியோடு கூட்டி வாருங்கள். அது போனால் நான் அந்தப் பட்டறைப் பக்கமே போகவேண்டியதில்லை.

அண்ணிக்கு என் தோத்திரம். பிள்ளைகள் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடுங்கள். உங்கள் தறி நூல் அறுபடாமல் ஓட அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கை அந்தோணிமேரி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனேன், கரண்ட் வந்தது. டோனியும் மனசு கேட்காமல் திரும்பி வந்தான். காற்றில்தான் பார்த்தாயிற்றே என்று நேராகப் பித்தளையில் ஓட்டினோம். சிலுவை வந்தது. அவர் பெயர் முழுசாக, சாமியோடு, தேதிகளோடு வந்தது. முடிந்தது என்று டோனி துடைக்கக் கை நீட்டினான், மெஷின் மறுபடி இறங்கியது. அ போட்டது. ந்தோ போட்டது. எங்கே நிற்கும் என்று பார்த்தால் என் பெயர் முழுதும் போட்டு, நான் பிறந்த தேதியும் போட்டு, ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் நின்றது.

மெர்லின் முகத்தை மூடிக்கொண்டாள். “பின்னாடி ஒரு நாள் வேணுமேன்னு போட்டு மறைச்சு வெச்சிருந்தேம்மா. ஸ்கிரீன்ல தெரியாததை மெஷின் வெட்டாதுன்னு நெனச்சேன், டோனியண்ணன் மறைச்சதையும் சேத்து மாத்திட்டாரு.”

“பஸ்ஸுல துண்டு போட்டாப்பல இப்பவே எடம் புடிச்சுட்டீங்களேக்கா” என்றாள் வள்ளியாத்தாள். நான் வேறு தகடு வெட்ட விடவில்லை. உபதேசியாரிடமும் சொல்லிவிட்டேன், சாமியார் அவர் பெயரை மட்டும் படித்தால் போதும், என்னுடையதைப் பார்த்தால் சிரித்துக்கொள்ளட்டும்.

அதனால் கருங்கல் வேண்டாம். லாரியும் வேண்டாம், பூபதியிடம் நீங்களே பேசிவிடுங்கள். அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு தேதி வெட்டவேண்டியிருக்கிறது, அதை எவன் மெஷினிலோ வெட்ட எனக்கு மனசில்லை. மெஷின் இங்கேயே இருக்கட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.