மிச்சமாகிப் போன போல்ட்டு

"இனிமே என் வண்டியில ஒரு மெக்கானிக் கை வெச்சான்னா, நான் மீசையை எடுத்துடறேன்!"

கண்ணாடிக்காரர் இப்படிச் சபதம் போட்டபோது அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி எத்தனையோ சபதங்களை மடித்து அலமாரியில் வைத்தவள் அவள்.

"அப்போ யாரு ரிப்பேர் பாக்கறது?"

"நானே! ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பல் டாக்டர் வீட்டு ஷெட்டுல அஞ்சு பேர் கூடறோம். அவங்கவங்க வண்டியை அவங்கவங்களே கழட்டி, தொடைச்சு, மாட்டறோம். நடுவுல டீ, அரட்டை. ஸ்பேனர் சங்கம்னு பேரு."

"கழட்டறது சரி. திருப்பி மாட்டத் தெரியுமா?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே? என் வண்டியில இருக்கற ஒவ்வொரு போல்ட்டும் எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி. மூஞ்சியைப் பாத்தே இன்னாருன்னு சொல்லிடுவேன்!"

"எங்க அண்ணனையே போன தடவை வாசல்ல நிக்க வெச்சு யாரு வேணும்னு கேட்டீங்க."

கண்ணாடிக்காரருக்கு அது காதில் விழவில்லை. வேண்டாதது எதுவும் விழாத காது அது.

தெரு முனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். கடையில் உட்கார்ந்தால் மனுஷன் ஆமை. வண்டியில் ஏறினால் ஆளே வேறு. மனைவி மரச்சாமான் கடையில் கல்லாவில் வேலை பார்த்தாள். தினமும் அவளைக் கொண்டுபோய் விடுவது இவர்தான். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இவர் புகுந்து புறப்படும்போது அவள் இவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "மெதுவா போங்க, எனக்கு உசுரே போகுது" என்பாள். காத்துல கேக்கலைம்மா என்பார். இறங்கியதும் சொன்னால், "பயந்தா பஸ்ல போயேன்" என்பார். அவள் கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு கடைக்குள் போவாள்.

சங்கம் ஜாம்ஜாம் என்று தொடங்கியது. பல் டாக்டர், கணக்கு வாத்தியார், பேக்கரிக்காரர், போட்டோக்காரர், நம்மவர். ஷெட்டுச் சுவரில் ஒரு பலகை அடித்தார்கள். வண்டியை மாட்டி முடித்த பிறகு யார் கையிலாவது ஏதாவது மிச்சமிருந்தால், அதை நூலில் கட்டி, பெயர் எழுதி, அந்தப் பலகையில் தொங்கவிட வேண்டும். மாட்டிக்கொண்ட ஆள் ஒரு வருஷம் எல்லாருக்கும் டீ போட வேண்டும். முதலில் அப்படி மாட்டிக்கொண்டது போட்டோக்காரர். அன்றிலிருந்து அவர் பெயர் 'மிச்சம்'. அதைக் கிளப்பிவிட்டது கண்ணாடிக்காரர்தான். "மிச்சம், டீயில சர்க்கரை மிச்சமா?" என்று விழுந்து விழுந்து சிரித்ததும் அவர்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை. குளித்துவிட்டு வந்தவரிடம் மனைவி உள்ளங்கையை நீட்டினாள்.

"என்னங்க, நேத்து போட்டிருந்த உங்க கிரீஸ் பேண்ட்டைத் துவைக்கப் போட்டேன். பாக்கெட்டுல இது இருந்துச்சு. வேணுமா, குப்பையில போடவா?"

ஒரு போல்ட்டு. சுண்டுவிரல் நீளம். பளபளவென்று இருந்தது.

கண்ணாடிக்காரர் குனிந்து உற்றுப் பார்த்தார்.

"இதுவா? இது... இது சும்மா. உபரி. குடு."

"மூஞ்சியெல்லாம் ஏன் வேர்க்குது? இப்பதானே குளிச்சீங்க?"

"தண்ணி. துவட்டலை."

வாசலுக்கு ஓடினார். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மல்லாக்கப் படுத்துப் பார்த்தார். போல்ட்டு இல்லாத ஓட்டைகள் வண்டியில் நிறைய இருந்தன. அதில் எது பிறவியிலேயே ஓட்டை, எது நேற்று இவர் செய்த ஓட்டை என்று அந்த ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். மெக்கானிக்கிடம் போகலாம் என்றால் மீசை போய்விடும். சங்கத்தில் கேட்கலாம் என்றால் மானம் போய்விடும். கேட்காமல் ஓட்டினால் உயிர் போய்விடும். போல்ட்டை ஷேவிங் டப்பாவுக்குள் ஒளித்து வைத்தார்.

"கிளம்பலாமா?" என்று மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

அன்றைக்கு வண்டி போன லட்சணத்தைத் தெருவே பார்த்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நடந்தே இவரைத் தாண்டிப் போனார்கள். ஒவ்வொரு 'கடக்'குக்கும் இவர் நெஞ்சு ஒரு தடவை நின்று புறப்பட்டது. முன் சக்கரம் தனியாக உருண்டு போவது போலவும், தான் ஹேண்டிலை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு அதைத் துரத்துவது போலவும் கண்ணுக்குள் ஒரே படம்.

"என்னங்க, இன்னைக்கு இவ்ளோ மெதுவா?"

"நீதானே பயமா இருக்குன்னே? உனக்காகத்தான்."

"அடடா!" என்றாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். சட்டையை அவள் பிடிக்கவே இல்லை என்பது இவருக்கு அப்போது உறைக்கவில்லை.

தினமும் இதே கதை. சாப்பாடு இறங்கவில்லை. தூக்கத்தில் உதைத்தார். இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு காலையில் எதிரே பல் டாக்டர் ஊர்ந்து வந்தார். புயல் மாதிரி போகிற மனுஷன், மாட்டுவண்டிக்கு வழிவிட்டு ஓரமாக வந்துகொண்டிருந்தார். பின்னால் அவர் சம்சாரம்.

"என்ன டாக்டர், ஸ்லோவா?"

"பெட்ரோல் சிக்கனம் சார். நீங்க?"

"காத்து வாங்கறேன்."

இரண்டு மனைவிகளும் ஒருவருக்கொருவர் ரொம்பப் பிரியமாகக் கையாட்டிக்கொண்டார்கள்.

சங்கத்திலும் ஏதோ மாதிரி இருந்தது. ஒருவரும் ஸ்பேனரைத் தொடவில்லை. எல்லாரும் துணியை வைத்துக்கொண்டு துடைத்ததையே துடைத்தார்கள். கணக்கு வாத்தியார் வண்டியைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். பேக்கரிக்காரர் எந்நேரமும் மண்டி போட்டு வண்டிக்கு அடியிலேயே எதையோ தேடினார். பலகையை மட்டும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் வீட்டில் குண்டு விழுந்தது.

"என்னங்க, இந்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஜோடி ஜோடியா மலைமேல இருக்கற ஏரிக்குப் போறோம். டாக்டர் வீட்டம்மாதான் ஏற்பாடு. உங்க சங்கத்து வண்டியிலேயே."

"மலைக்கா? ஏர்றப்போ சரி. இறங்கறப்போ?"

"ஏறினா இறங்கித்தானே ஆகணும்? அங்கேயே குடியிருக்க முடியுமா?"

மலைப்பாதை வளைவு கண்ணாடிக்காரருக்குத் தெரியும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை. நான் போனால் போகிறேன், பின்னால் உட்கார்ந்திருக்கிறவள் என்ன பாவம் செய்தாள் என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. இவள் இல்லாத வீட்டுக்குள் நுழைவதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். நினைக்கவே முடியவில்லை. மானமாவது, மண்ணாவது. டீதானே, ஆயுசுக்கும் போடலாம்.

சனிக்கிழமை சாயங்காலம் சங்கத்தை அவசரமாகக் கூட்டினார். போல்ட்டை எடுத்து டீ கிளாஸில் போட்டார். டிங் என்றது.

"என்னை மன்னிச்சிடுங்க. இது என்னோட மிச்சம். மூணு வாரமா நான் தூங்கலை. நாளைக்கு மலைக்கு வரமாட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பல் டாக்டர் மெல்லப் பாக்கெட்டுக்குள் கைவிட்டார். டிங். பேக்கரிக்காரர், டிங். போட்டோக்காரர், "எனக்கு ரெண்டாவது" என்று அழாத குறையாகப் போட்டார். கடைசியாக வாத்தியார். அவருடையது பேனா மூடிக்குள் இருந்தது.

கிளாஸை ஒரு குலுக்குக் குலுக்கிய வாத்தியாருக்குத்தான் முதலில் பொறி தட்டியது.

"இருங்க. அஞ்சு வண்டியும் அஞ்சு கம்பெனி. எப்படிய்யா எல்லாத்துலயும் ஒரே போல்ட்டு மிச்சமாகும்? உங்களுக்கு யாரு எடுத்துக் குடுத்தா?"

"என் வீட்டுக்காரி. துவைக்கறப்போ இருந்துச்சுன்னா."

"எனக்கும்."

"எனக்கும் அதேதான்!"

பேக்கரிக்காரர் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். "அட, இது கட்டில் போல்ட்டு! போன மாசம் கட்டில் வாங்கினேன். நாலு காலுக்கும் இதேதான் போட்டுக் குடுத்தாங்க."

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

பேக்கரிக்காரர் போல்ட்டைத் திரும்பக் கிளாஸில் போட்டார். திரும்பிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

கிளாஸைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தார் கண்ணாடிக்காரர். உண்மையிலேயே பறந்தார். மூன்று வாரத்துக்கு அப்புறம் அன்றுதான் வண்டி நாலாவது கியரைப் பார்த்தது. உள்ளே போய் கிளாஸை மேஜையில் கவிழ்த்தார். ஐந்து போல்ட்டும் உருண்டன.

"இது என்ன?"

"தெரிஞ்சுடுச்சா?" என்றாள் மனைவி, நிதானமாக.

"ஏண்டி இப்படிப் பண்ணினே? மூணு வாரமா செத்துச் செத்துப் பிழைச்சேன்டி!"

"நான் எத்தனை வருஷமா உங்க பின்னாடி அப்படி உக்காந்துட்டு வர்றேன்? டாக்டர் வீட்டம்மாவும் அதையேதான் சொல்லி அழுதாங்க. வாய்விட்டுச் சொன்னா நீங்க யாருமே கேக்கலையே."

கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மீசையை விட்டுக்கொடுக்க முடியுமா?

"சரி சரி. வண்டியில ஒரு குறையும் இல்லைன்னு ஆச்சுல்ல? நாளைக்கு மலையில பாரு, எப்படிப் பறக்கறேன்னு! கடையிலிருந்து அஞ்சு போல்ட்டு எடுத்துட்டு வந்து அஞ்சு ஆம்பளைங்களை ஏமாத்திட்டே!"

"அஞ்சா? நான் எடுத்தது நாலுதானே."

"நாலா?"

"அவங்க நாலு பேர் வீட்டுக்கு. உங்களுக்கு நான் எதுக்கு எடுக்கணும்? உங்க பாக்கெட்டுல நெசமாவே இருந்துச்சே! அதைப் பாத்துட்டு நீங்க மெதுவா போகவும்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு. உங்க ஷேவிங் டப்பாவுலேர்ந்து அதை எடுத்துட்டுப் போயி, அளவு பாத்து, அச்சு அசல் அதே மாதிரி நாலு எடுத்தேன்."

கண்ணாடிக்காரர் வாசலில் நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ... நீ எப்படி பயப்படாம பின்னாடி உக்காந்து வந்தே?"

"நீங்கதான் நடக்கற வேகத்துல போனீங்களே. ஏதாவது ஆனா இறங்கி நடந்திருப்பேன்."

"ஐயோ, நான் இப்போ பறந்து வந்தேனே! இதுல எதுடி என் வண்டிது?"

அவள் மேஜைமேல் கிடந்த ஐந்தையும் வரிசையாக அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

"மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேன்னீங்களே. பாத்துச் சொல்லுங்க."