உப்பு ஒரு படி

அகில இந்தியத் தமிழ்ச் சமையல் பதிவர் பேரவையின் ஆண்டுக் கூட்டத்தைக் காரைக்குடியில், அதுவும் தன் வீட்டிலேயே நடத்திக் காட்டுவது என்று மரிய அந்தோணி சபதம் எடுத்தபோது, அவருக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது.

தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. 'அந்தோணியின் அடுப்படி' என்ற பெயரில் ஆறு வருடமாக இணையத்தில் எழுதிவருகிறார். சமைப்பது மனைவி இன்பமேரி. கல்லூரி அலுவலகத்திலிருந்து வந்ததும் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "அப்புறம் என்ன போட்ட?" என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வார். பதிவில் அது "அடுத்து நான் சோம்பைத் தாளித்தேன்" என்று வரும். சோம்பும் சீரகமும் எதிரெதிரே வந்து நின்று வணக்கம் சொன்னாலும் எது எதுவென்று அவருக்குத் தெரியாது.

பேரவையில் மொத்தம் முப்பத்தெட்டு பேர். குவாஹாத்தியிலிருந்து கன்னியாகுமரி வரை சிதறிக் கிடந்தார்கள். ஆனால் ஒற்றுமையென்றால் அப்படி ஒரு ஒற்றுமை. குவாஹாத்தி தேவாவுக்குப் போன வருடம் வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது, அவருடைய பதிவு நின்றுவிடக் கூடாதென்று மற்ற முப்பத்தேழு பேரும் முறை வைத்து, தேவா பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்கள். முகம் பார்த்திராத அந்த மனிதருக்காக அந்தோணி ஒன்பது நாள் ஜெபமாலை சொன்னார். சொல்லும்போது உண்மையாகவே கண் கலங்கினார்.

பேரவைக்கு விதிகள் இரண்டே இரண்டு. ஒருவர் பதிவு போட்டால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எல்லோரும் பின்னூட்டம் போட்டாக வேண்டும். பின்னூட்டத்தில் குறை சொல்லக் கூடாது.

எண்பத்து நாலாவது பதிவு உப்புக்கறியைப் பற்றியது. அன்று இன்பமேரிக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை.

"உப்பு எம்புட்டு?" என்று கேட்டார் அந்தோணி.

"அரைக் கிலோ கறிக்கு ஒரு படி," என்றாள்.

எழுதிக்கொண்டார். மறுநாள் பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. 'இன்றே செய்தோம். உப்பின் அளவு கச்சிதம்' என்று எழுதியிருந்தார் பேரவைத் தலைவர், நாக்பூர் கார்த்திகேய சிவம். 'என் மாமனார் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்' என்றார் போபால் ஆதித்தன். 'எங்கள் வீட்டில் காரசாரம் அதிகம். உப்பை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டோம்' என்றார் தேவா.

இன்பமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முப்பத்தேழையும் வரி விடாமல் படித்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எதுக்குச் சிரிக்கிற?"

"ஒண்ணுமில்லைங்க. அந்த மாமனாரு இன்னும் இருக்காகளான்னு ஒரு எட்டு கேட்டுக்கங்க."

அந்தோணிக்கு விளங்கவில்லை. பொறாமை என்று முடிவு கட்டினார்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் சமைக்க ஆள் வேண்டுமே என்று அவருக்கு உறைத்தது. மெதுவாகப் பேச்சை எடுத்தார்.

"நாக்பூர்லேருந்து தலைவரு வாராரு. போபால்காரரும் தேவாவும் வாராக. எல்லாரும் சம்சாரத்தோட. மத்தவுகளுக்கு லீவு கெடைக்கலையாம்."

"வரட்டும். வீட்டுக்கு நாலு பேரு வந்தா நல்லதுதானே."

"என் கையால சாப்பிடணுமாம்."

"சாப்பிடட்டும்."

"மேரி."

"சொல்லுங்க."

"நீ விடியறதுக்குள்ள சமைச்சு மூடி வச்சிரு. அவுக வர்ற நேரத்துக்கு நான் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு கரண்டியோட நிக்கிறேன். அம்புட்டுத்தான். முப்பத்தேழு பேருக்கு முன்னால என் மானம் ஒன் கையிலதான் இருக்கு."

"கரண்டியை எந்தப் பக்கம் புடிக்கணும்னு தெரியுமா?"

"அதையும் நீயே சொல்லிக் குடு. ஒனக்கு ஒரு கண்டாங்கிச் சேலை எடுத்துத் தாரேன்."

"ரெண்டு."

"ரெண்டு எதுக்கு?"

"சமைக்கிறதுக்கு ஒண்ணு. வெளிய சொல்லாம இருக்கிறதுக்கு ஒண்ணு."

அந்தோணி அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் இன்பமேரி இவ்வளவு சுருக்கமாக எந்தப் பேரத்தையும் முடித்ததில்லை. அவரோ பிழைத்தோம் என்று மூச்சு விட்டுவிட்டு, கண்ணாடி முன்னால் துண்டு கட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விருந்தாளிகள் வந்து இறங்கினார்கள். ஆண்கள் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் மூவரும், தலைவரின் மனைவி தேனம்மை, ஆதித்தனின் தீபலட்சுமி, தேவாவின் பெல்சி, நேரே இன்பமேரியிடம் ஓடினார்கள். "மேரியக்கா, போட்டோவுல பாத்ததைவிட மெலிஞ்சிருக்கீக," என்றாள் தேனம்மை. இவளுடைய போட்டோவை அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று அந்தோணி யோசிப்பதற்குள், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

"இவுகளுக்குத் திருக்கோஷ்டியூர்ப் பெருமாளைப் பாக்கணுமாம். போயிட்டு, அப்படியே ஆத்தங்குடிப் பக்கமும் ஒரு சுத்து சுத்திட்டு வாரோம். ரெண்டு மணிக்குப் பசியோட வருவோம்," என்றாள் இன்பமேரி. புதுக் கண்டாங்கி கட்டியிருந்தாள். "எல்லாம் சட்டியில இருக்குங்க," என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு ஏறிப் போனாள்.

அந்தோணி துண்டைக் கட்டிக்கொண்டு மூவரையும் அடுப்படிக்குக் கூட்டிப் போனார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டியைத் திறந்தார்.

உள்ளே இரண்டு கிலோ ஆட்டுக்கறி பச்சையாக இருந்தது. பக்கத்தில் உரிக்காத சின்ன வெங்காயம், காம்பு கிள்ளாத மிளகாய், ஒரு படி நிறையக் கல்லுப்பு. படியின் மேல் ஒரு சீட்டு: 'செய்முறைக்கு உங்கள் 84ஆம் பதிவைப் பார்க்கவும்.'

"ஆகா, நேரடிச் செய்முறை விளக்கம்," என்று கை தட்டினார் தலைவர்.

அந்தோணி கரண்டியைத் தலைவரிடம் நீட்டினார். "நீங்க இருக்கும்போது நான் தொட்டா மரியாதை இல்லை."

தலைவர் அதை ஆதித்தனிடம் கொடுத்தார். "இளைஞர்களுக்கு வழி விடணும்."

ஆதித்தன் தேவாவிடம் கொடுத்தார். "சீனியர் முதல்ல."

"ஆபரேஷன் பண்ண உடம்பு," என்று தேவா அதை அந்தோணியிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஆதித்தன் கைபேசியில் எண்பத்து நாலாவது பதிவைத் திறந்து உரக்கப் படித்தார். 'உப்பு ஒரு படி' என்ற இடம் வந்ததும் நிறுத்தினார். நாலு பேரும் அந்தப் படியைப் பார்த்தார்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது.

"நான் இதுக்கு மேலயும் கூட்டிக்கிட்டோம்னு எழுதினேன்," என்றார் தேவா மெல்லிய குரலில்.

"எனக்கு மாமனாரே கிடையாது," என்றார் ஆதித்தன்.

தலைவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எங்க வீட்டுல கேஸ் அடுப்பை எப்படிப் பத்தவைக்கிறதுன்னு எனக்குத் தெரியாதுய்யா. நூத்திப் பன்னண்டு பதிவு எழுதியிருக்கேன்."

அந்தோணி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய பாரம் இறங்கியது. நாலு பேரும் சொன்னது ஒரே பொய். பேரவை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு மனமார்ந்த ஒற்றுமையை அவர்கள் அனுபவித்ததே இல்லை. ஆனால் இரண்டு மணிக்குப் பசியோடு நாலு பேர் வரப்போகிறார்கள். போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மேரி, உப்பு எம்புட்டு?"

"ஒரு படி."

வேனுக்குள் நாலு பெண்கள் சிரிப்பது கேட்டது.

"வெளையாடாத, நெசத்தைச் சொல்லு."

"அந்தப் பதிவு தப்புன்னு அதுக்குக் கீழயே ஒரு பின்னூட்டம் போடுங்க. சொல்றேன்."

"குறை சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு மேரி."

"அப்ப கச்சிதமா ஒரு படி போட்டுருங்க."

"இவுகள்லாம் ஒனக்கு எப்படிப் பழக்கம்?"

"அந்த ஒரு படியைப் படிச்சிட்டுத்தான் தேனம்மை எனக்குப் போன் போட்டாக. 'எங்க வீட்டுக்காரரு கச்சிதம்னு எழுதிருக்காரு, ஒங்க வீட்டுலயும் இதே கூத்துதானாக்கா'ன்னு கேட்டாக. அப்புறம் தீபலட்சுமி, பெல்சின்னு ஒவ்வொருத்தரா வந்தாக. இப்ப முப்பத்தெட்டு வீட்டுலேருந்தும் ஆள் சேந்தாச்சு. எங்களுக்கும் ஒரு பேரவை இருக்குங்க."

வேறு வழியில்லை. பேரவையின் வரலாற்றில் முதல் குறையை அந்தோணி தன் பதிவுக்குத் தானே எழுதினார்: 'இந்தச் செய்முறை தவறு. எழுதியவருக்குச் சமைக்கத் தெரியாது.' ஊர் ஊராக இருந்த மிச்ச முப்பத்து நாலு பேரிடமிருந்தும் அரை மணி நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. 'அருமை, தொடருங்கள்.'

அதன்பிறகு போன் அணையவே இல்லை. வெங்காயம் உரிக்க தீபலட்சுமி சொல்லிக்கொடுத்தாள். நாலு ஆண்களும் தேம்பித் தேம்பி உரித்தார்கள். நல்லெண்ணெயின் அளவை பெல்சி பார்த்துக்கொண்டாள். தலைவர் முதன்முறையாக அடுப்பைப் பற்றவைத்ததும் தேனம்மை வேனிலிருந்தே வாழ்த்தினாள். உப்பை ஆதித்தன் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டார். ஒவ்வொரு சிட்டிகைக்கும் நாலு பேரும் ருசி பார்த்ததில், உப்பு சரியாக வந்து நின்றபோது கால்வாசிக் கறி காலி.

இரண்டரைக்குப் பெண்கள் வந்து இலையில் உட்கார்ந்தார்கள். அந்தோணி பரிமாறினார். இன்பமேரி ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இலையைக் காட்டி இன்னொரு கரண்டி கேட்டாள். அந்தோணிக்கு வந்த சந்தோஷத்தில் கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டார். ஆறு வருடத்தில் வந்த அத்தனை பாராட்டும் இதற்கு உறை போடக் காணாது.

"நல்லாருக்கா மேரி?"

"நெசமாவே நல்லாருக்குங்க. இம்புட்டு நாளா ஊரை ஏமாத்துறீகளேன்னு எனக்கு ஒரு உறுத்தல் இருந்துச்சு. இன்னைக்குத் தீந்துச்சு. ஒங்களுக்குச் சமையல் கைவந்திருக்கு."

அந்தோணி நெஞ்சை நிமிர்த்தினார். "தெனமும் பழகுனா இன்னும் பெரமாதமா வரும்."

பெண்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். பின்னாலேயே மூன்று ஆண்களும், விதிப்படி, தட்டினார்கள்.

இன்பமேரி இலையை மடித்துவிட்டு எழுந்து கை கழுவினாள். ஈரக் கையைப் புதுச் சேலையில் படாமல் துடைத்துக்கொண்டு, மேசைமேல் கிடந்த அவருடைய கைபேசியை எடுத்தாள்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க. நாளையிலேருந்து நீங்க சமைங்க, நான் எழுதிக்கிறேன்."