எட்வர்டுக்கு மாற்றாள்

ஜெபத்தைத் தொடங்கிய நாற்பதாவது நொடியில் ஜெபா "ஆமென்" போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

எதிரே நோட்டும் பேனாவுமாக இருந்த எட்வர்ட் நிமிர்ந்தார். "இன்னாப்பா, அவ்ளோதானா?"

"நீங்க எதுத்தாப்ல குந்திக்கினு எழுதிக்கினே இருந்தா, ஆண்டவர் பேரே மறந்து பூடுதுண்ணே."

ஆரம்பாக்கம் வீட்டு ஜெபக்குழுவைப் பன்னிரண்டு வருஷமாக நடத்துகிறவர் எட்வர்ட். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணி, முத்தம்மா வீட்டு முன்னறை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்து, அந்த வெள்ளிக் கூட்டத்தை அவர் ரத்து செய்யும்படி ஆக்கிக்கொண்டிருந்த இரண்டாவது ஷிப்ட், அடுத்த மாசத்திலிருந்து அவருக்கு நிரந்தரம். மதியம் உள்ளே போனால் ராத்திரி பத்துக்குத்தான் வெளியே விடுவார்கள்.

பாஸ்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள ஒரு தலைவரை உருவாக்குங்க. இல்லாட்டி உங்க குழுவை கும்மிடிப்பூண்டி டவுன் குழுவோட சேர்த்துடுவேன்."

குழுவில் ரயில் படி ஏற முடியாத முழங்கால்காரர்கள் மட்டும் ஐந்து பேர். சேர்த்தால் குழு கலைந்த மாதிரிதான்.

எட்வர்டின் கம்பெனியில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் என்ன செய்யவேண்டும் என்று ஓர் அட்டை தொங்கும். அதே பழக்கத்தில் பதினாறு குறிப்பு எழுதி, லேமினேஷன் போட்டு, அடுத்த வாரம் பிரின்சியிடம் கொடுத்தார்.

பிரின்சி கீழ்ப்படிதலுள்ள பெண். "நாலு. இங்கு குரல் தழுதழுக்க வேண்டும்" என்று கணீரென வாசித்தாள். "ஐந்து. கண்களை மூடவும்." மூடிக்கொண்டாள். ஆறாவது குறிப்பைப் படிக்கக் கண்ணைத் திறக்க வேண்டும். திறக்கச் சொல்லி அட்டையில் எங்கும் இல்லை. ஒன்பது நிமிஷம் அத்தனை பேரும் கண்ணை மூடி நின்றார்கள். அதற்குள் ஒரு பூனை வந்து, பாலைக் குடித்து, மீதியை மூடிவைத்துவிட்டும் போனது.

"கண்ணத் தொறம்மா!"

"அது எத்தினியாவது பாயிண்ட்ண்ணே?"

எதிரே உட்காருவதுதான் கோளாறு என்று எட்வர்ட் முடிவு கட்டினார். மாசத்தின் கடைசி வெள்ளி. வெல்டிங் வேலை செய்யும் தாவீதை முன்னறையில் நிறுத்திவிட்டு, தான் சமையலறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். சைகைக்கு இருமல். ஒருமுறை இருமினால் குரலை உயர்த்து, இருமுறை என்றால் பாட்டு, மும்முறை என்றால் முடித்துவிடு.

அந்த நேரம் பார்த்து முத்தம்மா சட்னிக்குக் காய்ந்த மிளகாய் தாளித்தாள்.

எட்வர்ட் இருபத்தைந்து தடவை இருமினார். தாவீது ஒன்றையும் விடவில்லை. ஐந்து பாட்டு ஆனது. குரல் ஆந்திர எல்லை தாண்டித் தடா ஊர் வரைக்கும் போனது. கூட்டம் நாலு தடவை முடிந்தது. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் ஆசீர்வாதம் வாங்கிச் செருப்பு மாட்டுவதும், கழற்றிவிட்டு உள்ளே வருவதுமாக இருந்தார்கள்.

"நீ இன்னா பெரிய பாகவதரா?" வெளியே வந்து எட்வர்ட் கத்தினார்.

"நீங்க இருமினீங்க, நான் பாடுனேன். என்னிய கேட்டா?"

எல்லோரும் போனபின் எட்வர்ட் நோட்டைப் புரட்டினார். மூன்று பேர் பெயருக்குக் கீழேயும் குற்றங்கள்தான் வரிசையாக இருந்தன. யாராவது எதையாவது நன்றாகச் செய்திருந்தால் எழுத, அதில் இடமே விடவில்லை என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது.

முத்தம்மா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"பன்னெண்டு வருஷத்துல ஒருத்தரக்கூட நான் உருவாக்கலக்கா" என்றார். குரல் அட்டையின் உதவியில்லாமலே தழுதழுத்தது. "டவுனோட சேத்துக்கங்கன்னு பாஸ்டராண்ட சொல்லிட்றேன். நான் ரெண்டாவது ஷிப்டுக்குப் போயிட்டா இங்க யாருக்கா கூட்டம் நடத்துவா?"

முத்தம்மா அவரை வினோதமாகப் பார்த்தாள்.

"நீ ரெண்டாவது ஷிப்ட் போற வெள்ளிக்கெழமையெல்லாம் இதுங்க மூணும்தானே மாத்தி மாத்தி நல்லா நடத்திக்கினு கீதுங்க? அன்னிக்குக் கூட்டமே கெடையாதுன்றது உனக்கு மட்டும்தான் தம்பி தெரியும்!"